வசைக்கு ஒத்திகை

1959ஆம் ஆண்டின் பிற்பகுதி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில், கிளார்க் மெமோரியல் என்ற மெதடிஸ்ட் தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் கல்லூரி மாணவர்கள் வாரம் தவறாமல் கூடினார்கள். பெரும்பாலும் கருப்பின மாணவர்கள். நாற்காலிகளை ஒரே வரிசையாகப் போட்டு, வெள்ளையருக்கு மட்டுமே சாப்பாடு தரும் கடையின் லஞ்ச் கவுண்டர் அதுதான் என்று வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் நாற்காலிகளில் உட்காருவார்கள். மீதிப் பேர் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும் வெறிக்கும்பலாக மாறுவார்கள். காதோரம் குனிந்து நாக்கூசும் வசைகளைப் பொழிவார்கள். சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள். நாற்காலியோடு சேர்த்துத் தரையில் தள்ளுவார்கள். விழுந்தவர் திருப்பி அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது. தலையைக் கைகளால் மறைத்து உடம்பைச் சுருட்டிக்கொள்ள வேண்டும். எழுந்ததும் அதே நாற்காலியில் உட்கார வேண்டும். பிறகு எல்லாம் நிற்கும். யாருக்கு எங்கே பொறுமை போயிற்று, எந்தச் சொல் சுட்டது என்று உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடித்து, இடம் மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குவார்கள்.

இதை நடத்தியவர் ஜேம்ஸ் லாசன். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்த கருப்பின இளைஞர். கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்துக்கு வர மறுத்துச் சிறை சென்றவர். வெளியே வந்ததும் நாக்பூர் ஹிஸ்லப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, காந்தியின் சத்தியாகிரகத்தை அது வளர்ந்த மண்ணிலேயே கற்றவர். மாண்ட்கமரி நகரில் கருப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை அவர் படித்ததே நாக்பூர்ச் செய்தித்தாளில்தான். 1960 பிப்ரவரி 13 அன்று அவருடைய மாணவர்கள் உண்மையான கவுண்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். 27ஆம் தேதி, ஒத்திகையில் பார்த்தது அத்தனையும் நேரில் நடந்தது. போலீஸ் கைது செய்தது அடித்தவர்களை அல்ல, அடிபட்ட 81 பேரை. ஒரு வரிசையைக் கூட்டிப்போனதும் அடுத்த வரிசை வந்து அமைதியாக உட்கார்ந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் பேச்சுரிமை பற்றி இன்று நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள, அந்தக் கீழ்த்தள அறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. சண்டையில் இரண்டு கட்சிகள். இன்றைய மாணவர்கள் தொட்டாற்சிணுங்கிகள், ஒரு மாற்றுக்கருத்தைக்கூடத் தாங்க மாட்டார்கள், தோலைத் தடிமனாக்கிக்கொள்ளட்டும் என்கிறது ஒரு கட்சி. சொல்லும் காயப்படுத்தும், ஏற்கெனவே காயப்பட்டவர்களை நிறுவனம்தான் காப்பாற்ற வேண்டும் என்கிறது மற்றொன்று. நேர் எதிரிகளாகத் தெரிந்தாலும் ஒரு தவறான எண்ணம் இரு தரப்புக்கும் பொது. மன உரம் என்பது ஒருவரிடம் இருக்கும் அல்லது இருக்காது என்று இருவருமே நம்புகிறார்கள். இருக்க வேண்டுமே என்று முன்னவர் அதட்டுகிறார். இல்லையே என்று பின்னவர் பரிதாபப்படுகிறார். லாசனின் மாணவர்கள் வேறொன்றைக் காட்டினார்கள். மன உரம் பயிற்சியால் வருவது. தனியாக அல்ல, கூட்டாக வருவது. தானே விரும்பி ஏற்ற ஒரு நோக்கத்துக்காக வருவது. கல்லூரி செய்யவேண்டிய வேலை இந்தப் பயிற்சிதான். சொல்லைத் தடுப்பதால் அந்த வேலை நடக்காது, ஆளை அதட்டுவதாலும் நடக்காது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்திய மாணவர்கள் மட்டும் 3,31,602 பேர். பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டுப் போனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அதில் ஏராளம். அந்த வளாகங்களில் எதைப் பேசலாம், பேசினால் என்ன ஆகும் என்பது அந்த வீடுகளின் கவலையும்கூட.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையை அரசின் கைக்கு எட்டாமல் வைக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களும் அதற்குக் கட்டுப்பட்டவை. ஹார்வர்ட், யேல் போன்ற தனியார் நிறுவனங்களைச் சட்டம் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அவை தாமாகவே அந்தக் கொள்கையை ஏற்றிருக்கின்றன. இந்த உரிமையை மாணவர்களுக்கு யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. 1964ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், வளாக வாசலில் மேசை போட்டு அரசியல் பேச நிர்வாகம் தடை விதித்தபோது, மிசிசிப்பியில் கருப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைத்துவிட்டு வந்த மாரியோ சாவியோ போன்ற மாணவர்கள் ஒரு போலீஸ் காரை 32 மணி நேரம் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். டிசம்பரில் சுமார் 800 பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் பேராசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்குகளில் மாணவர்களின் பக்கம் நின்றது. பேச்சுரிமை பழமைவாதிகளின் ஆயுதம் என்று இன்று நினைக்கும் இளைஞர்கள், அதை வென்று கொடுத்தவர்கள் தங்கள் வயதுக்காரர்கள் என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும்.

காற்று திசைமாறியது 2010களின் நடுவில். பாடத்தில் வன்முறையோ பாலியல் தாக்குதலோ வருமானால் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்ற கோரிக்கை பரவியது. அதற்குப் பெயர் ‘ட்ரிகர் வார்னிங்’. 2015 அக்டோபர் இறுதியில் யேலில், ஹாலோவீன் வேடங்கள் பிற இனத்தவரைப் புண்படுத்தாமல் இருக்கட்டும் என்று ஒரு குழு மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. இதையெல்லாம் நிர்வாகம் சொல்ல வேண்டுமா, நீங்களே ஒருவரோடொருவர் பேசித் தீர்க்க முடியாதா என்று விடுதிப் பொறுப்பிலிருந்த விரிவுரையாளர் எரிகா கிறிஸ்டாகிஸ் ஒரு மடல் எழுதினார். அடுத்த சில நாட்களில் அவருடைய கணவரை மாணவர்கள் முற்றத்தில் வளைத்துக்கொண்டு கத்திய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. சில மாதங்களில் இருவரும் விடுதிப் பொறுப்பை விட்டு விலகினார்கள். ஆனால் அந்தக் காணொளியில் வராத ஒன்றும் உண்டு. அடிமைமுறையைப் போற்றிய ஜான் கால்ஹூன் பெயரில் யேலில் அப்போது ஒரு விடுதிக் கல்லூரி இருந்தது. கருப்பின மாணவர்கள் தினமும் அந்தப் பெயரைக் கடந்துதான் வகுப்புக்குப் போனார்கள். அவர்கள் விடாமல் பேசியதாலும் போராடியதாலும்தான் 2017ல் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. கோபம் வெறும் வேடத்தைப் பற்றியது அல்ல.

அதே 2015ல் வழக்கறிஞர் கிரெக் லுக்கியானோஃபும் உளவியலாளர் ஜானதன் ஹைட்டும் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள்; 2018ல் அது புத்தகமாக விரிந்தது. மனச்சோர்வுக்கு ஆளான லுக்கியானோஃபுக்கு உதவியது அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, ஆகவே ஆபத்து இருக்கிறது’ என்று உணர்வையே சான்றாக எடுத்துக்கொள்ளும் மனத்தின் பழக்கத்தை அடையாளம் கண்டு, கேள்வி கேட்டு, மெல்ல மாற்றுவது அதன் வழி. தான் சிகிச்சையில் கைவிடக் கற்ற அதே பழக்கத்தைக் கல்லூரிகள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இந்தக் கவனிப்பு கூர்மையானது. ஆனால் அதிலிருந்து ஒரு தலைமுறையின் மனநலச் சரிவையே விளக்கிவிடலாம் என்று கிளம்புவது சான்றைத் தாண்டிய பாய்ச்சல்.

சான்று எவ்வளவு தூரம் நம்மை அழைத்துப்போகிறது? ட்ரிகர் வார்னிங் விஷயத்தில் கணிசமான தூரம். ஹார்வர்ட் உளவியலாளர்கள் 2020ல் வெளியிட்ட ஒரு சோதனையில், வாழ்க்கையில் கடுமையான அதிர்ச்சியை அனுபவித்த 451 பேருக்கு உலக இலக்கியத்திலிருந்து சில பத்திகளைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலருக்கு எச்சரிக்கையுடன், சிலருக்கு எச்சரிக்கை இல்லாமல். எச்சரிக்கை பதற்றத்தைக் குறைத்ததற்குச் சான்று இல்லை. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோய் இருந்தவர்களுக்கும் அது உதவவில்லை. கவலைப்பட வைக்கும் விளைவு வேறொன்று: எச்சரிக்கையைக் கண்டவர்கள், தமக்கு நேர்ந்த அந்தக் கொடுமையைத் தம் வாழ்க்கைக் கதையின் மையமாகக் கருதும் போக்கு சற்றுக் கூடியது. இதுபோன்ற 12 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பின்னாளைய ஆராய்ச்சியும், எச்சரிக்கை துன்பத்தைக் குறைக்கவில்லை, பெரும்பாலோர் அதனால் அந்தப் பகுதியைத் தவிர்க்கவும் இல்லை, படிக்கும் முன்னால் வரும் பதைப்பை மட்டும் கூட்டுகிறது என்றுதான் சொன்னது. நல்லெண்ணத்தில் பிறந்த ஒரு வழக்கம் நன்மை தரவில்லை. சற்றே தீமையும் செய்கிறது. 2023ல் கார்னெல் மாணவர் பேரவை எல்லாப் பாடங்களிலும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கத் தீர்மானம் போட்டபோது பல்கலைக்கழகத் தலைவர் மறுத்தது, இந்தச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் சரியான முடிவு.

இந்த இடத்தில் முதல் கட்சி குதூகலிக்கக் கூடும். ‘பார்த்தீர்களா, பொத்திப்பொத்தி வைத்தால் இப்படித்தான், அள்ளி வீசுங்கள் எல்லாவற்றையும்’ என்று. அந்த அவசரத்துக்கும் சான்று இடம் தரவில்லை. பயத்தை எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், நோயாளி வாரந்தோறும் சுமார் ஒன்றரை மணி நேரம் சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டு, தனக்கு நேர்ந்ததை இப்போது நடப்பதுபோலத் தன் வாயால் சொல்கிறார். முடிந்ததும் மறுபடி சொல்கிறார். எட்டு முதல் 15 அமர்வுகளில் அந்த நினைவின் கூர் மழுங்குகிறது. நோயாளி ஒப்புக்கொண்டால்தான் இது தொடங்கும். எளியதிலிருந்து கடினமானதுக்குப் படிப்படியாகப் போகும். பக்கத்தில் நம்பிக்கைக்குரிய ஒருவர் இருப்பார். நட்டநடு வழியில் ஒருவரை மடக்கித் திட்டுவதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்ணீரில் தள்ளிவிட்டு நீச்சல் கற்பித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாவது கட்சியின் பரிதாபமும் சான்றின் முன்னால் நிற்கவில்லை. மனிதர்கள் நாம் நினைப்பதைவிட உறுதியானவர்கள். இழப்பையும் பேரிடரையும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஜார்ஜ் பொனானோ, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் வட்டாரத்தில் 2,752 பேரைப் பற்றிய தரவுகளை அலசினார். 65 விழுக்காட்டினரிடம் மனவழுத்த அறிகுறி ஒன்றுக்கு மேல் இல்லை. மிக மோசமான அனுபவம் பட்டவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தாங்கி நின்றார்கள். உடைந்துபோவது விதி அல்ல. ஆனால் மீதிப் பேரும் இருக்கிறார்கள், அவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல. 373 அமெரிக்க வளாகங்களில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி 2020-21ல் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலின் அறிகுறி இருந்தது. பெருந்தொற்று, தனிமை, கல்விக் கடன் என்று காரணங்கள் பல. இவர்களுக்கு ஆலோசகர் வேண்டும், மருத்துவம் வேண்டும். ஒரு மாணவி தன் பேராசிரியரிடம் தனியாகப் போய், ‘இந்த வாரப் பாடம் எனக்குக் கஷ்டம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்று கேட்டால் கொடுப்பது மனிதத்தனம். பேச்சுரிமை பேசுகிறவர்கள் இதைக் கேலி செய்வது எனக்கு ஏற்புடையதல்ல. ஒருவரின் நோய்க்குத் தரும் சலுகை வேறு. அதைக் காரணம் காட்டி எல்லோர் வாய்க்கும் போடும் பூட்டு வேறு.

பூட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும், பயிற்சி தந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு முயற்சிகள் சாட்சி. 1987ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், கருப்பினத்தவரை வேட்டையாடலாம் என்கிற அருவருப்பான துண்டறிக்கை ஒன்று வளாகத்தில் பரவியது. வளாக வானொலியில் இனவெறி நகைச்சுவைகள் ஒலிபரப்பாயின. மாணவர்கள் கொதித்தார்கள்; கொதிக்காமல் இருந்திருந்தால்தான் தவறு. 1988ல் நிர்வாகம் ஒரு பேச்சு விதிமுறை கொண்டுவந்தது. இனம், பாலினம், மதம் போன்ற அடிப்படைகளில் ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சு தண்டனைக்குரியது. உடனே சிக்கல் தொடங்கியது. எது இழிவு, எது ஆராய்ச்சி? ஆண் பெண் வேறுபாடுகளின் உயிரியல் அடிப்படையைப் பற்றி வகுப்பில் பேசினால் தண்டிக்கப்படுவேனா என்று கேட்டு ஓர் ஆய்வு மாணவர் பெயரை மறைத்து வழக்குப் போட்டார். விதியின் எல்லை எது என்று பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞராலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. 1989ல் கூட்டாட்சி நீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. அதற்குள் அந்த விதியின்கீழ் புகாருக்கும் விசாரணைக்கும் ஆளானவர்களில் கருப்பின மாணவர்களும் இருந்தார்கள். யாரைக் காப்பதற்காகக் கத்தியைத் தீட்டினார்களோ அவர்கள் கழுத்தும் அதற்கு எட்டியது.

அதே 1988ல் அதே மிச்சிகனில் தொடங்கிய இன்னொரு திட்டம் அதிகம் பேசப்படவில்லை. குழுக்களுக்கிடையிலான உரையாடல் என்று அதைச் சொல்லலாம். ஒரு பருவம் முழுக்க நடக்கும் பாடம், மதிப்பெண் உண்டு. இரண்டு தரப்பிலிருந்தும் கிட்டத்தட்டச் சம எண்ணிக்கையில் மாணவர்கள் வட்டமாக உட்காருகிறார்கள். கருப்பினத்தவரும் வெள்ளையரும், அல்லது ஆண்களும் பெண்களும். பயிற்சி பெற்ற இருவர் வழிநடத்துகிறார்கள், தரப்புக்கு ஒருவர். முதல் வாரங்களில் கேட்பது எப்படி, கோபம் வரும்போது அதைச் சொல்வது எப்படி என்பதுதான் பாடம். இட ஒதுக்கீடு, போலீஸ், கலப்புத் திருமணம் போன்ற சூடான விஷயங்கள் அதற்கப்புறம்தான் வருகின்றன. விவாதப் போட்டி மாதிரி இதில் வெற்றி தோல்வி இல்லை. பின்னர் ஒன்பது பல்கலைக்கழகங்களில் இதைச் சோதித்தார்கள். விண்ணப்பித்த மாணவர்களில் யாருக்கு இடம், யாருக்குக் காத்திருப்பு என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானித்து இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். 2013ல் வெளியான முடிவுகளின்படி, உரையாடலில் கலந்துகொண்டவர்களிடம் எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்வதும் அவர்களுக்காக மனம் இரங்குவதும் கூடியிருந்தன. ஓராண்டு கழித்தும் அந்த மாற்றத்தின் தடம் இருந்தது. மாற்றம் மிகப் பெரிதல்ல. ஆனாலும் தடை விதி ஒன்றரை ஆண்டுகூட நிற்கவில்லை. உரையாடல் வகுப்பு முப்பதாண்டுகளைத் தாண்டியும் நடக்கிறது. தேவாலயத்தின் கீழ்த்தளத்து நாற்காலிகளை இந்த வட்ட நாற்காலிகளில் நான் காண்கிறேன்.

இனி, இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வி. பயிற்சி, பயிற்சி என்கிறீர்களே, எப்போதும் பயிற்சி எடுக்கவேண்டியவர் ஏன் கருப்பினத்தவராக, இஸ்லாமியராக, யூதராக, திருநங்கையாக இருக்க வேண்டும்? வசைபாடுகிறவன் எந்தப் பயிற்சியும் இல்லாமல் சுகமாக இருக்க, வசை கேட்பவன் மட்டும் உரமேற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? இது நியாயமான கேள்வி. சொல் சுடும் என்பதைச் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஊர்களைக் கொண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுமை சமமாக இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு மூன்று விஷயங்கள் மிச்சம் இருக்கின்றன. மிரட்டல், குறிப்பிட்ட ஒருவரைத் துரத்தித் துரத்தித் துன்புறுத்தல் ஆகியவை பேச்சுரிமைக்குள் அடங்காது. அமெரிக்கச் சட்டப்படியே அவற்றைத் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். அடுத்து, தடை செய்யாமல் இருப்பதற்கு வாய்மூடி இருப்பது என்று பொருளில்லை. இனவெறித் துண்டறிக்கை பரவினால் அது கேவலம் என்று பல்கலைக்கழகத் தலைவரே மேடையேறிச் சொல்லலாம். சுமையில் ஒரு பங்கை நிறுவனம் தன் தோளில் ஏற்றுக்கொள்ளும் வழி அது. கடைசியாக, யார் தீர்ப்பு சொல்வது என்ற கேள்வி. எது புண்படுத்தும் பேச்சு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நிர்வாகத்திடம் கொடுத்தால், அந்த நாற்காலியில் எப்போதும் நம் ஆளே உட்கார்ந்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இந்த மூன்றாவதற்கு 2023க்குப் பிந்தைய ஆண்டுகளைவிடக் கசப்பான நிரூபணம் வேண்டாம். காசா போரை எதிர்த்து மாணவர்கள் வளாகங்களில் திரண்டபோது, பத்தாண்டுகளாக இடதுசாரி மாணவர்கள் வளர்த்த அதே சொல்லாட்சி அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. ‘எங்களுக்குப் பாதுகாப்பாக உணர முடியவில்லை’ என்ற வாக்கியம் கைமாறியது. யூத மாணவர்களில் சிலர் உண்மையான மிரட்டலுக்கும் தாக்குதலுக்கும் ஆளானார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் முழக்கத்துக்கும் மிரட்டலுக்கும் உள்ள கோடு அழிந்துபோயிற்று. 2023 டிசம்பர் 5 அன்று ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி தலைவர்களை நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. யூத இனப்படுகொலைக்கு அழைப்பு விடுப்பது உங்கள் விதிகளை மீறுவதா என்ற கேள்விக்கு, சூழலைப் பொறுத்தது என்று அவர்கள் சொன்ன பதில் சட்டப்படி தவறல்ல. ஆனால் சிறிய புண்பாட்டுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பிப் பழகிய நிறுவனங்கள் திடீரென்று சட்ட நுணுக்கம் பேசியபோது நம்புவதற்கு ஆளில்லை. முதல் இருவர் சில வாரங்களுக்குள் பதவி விலகினார்கள். 2024 வசந்த காலத்தில் நாடு முழுக்க 3,000 பேருக்கு மேல் கைதானார்கள். 2025 மார்ச்சில், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த துருக்கிய மாணவி ஒருவரை முகமூடி அணிந்த அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்தார்கள். கையில் விலங்கு மாட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி லூயிசியானா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் செய்ததாகத் தெரிந்தது ஒன்றுதான்: ஓராண்டு முன்னர் மாணவர் நாளிதழில் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஆறு வாரம் கழித்து நீதிபதி விடுவித்தார்.

முகமூடிக்காரர்கள் மாணவியைத் தூக்கிப்போகும் காலத்தில் மன உரத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று கேட்கலாம். அரசின் அடக்குமுறையை மனப்பயிற்சியால் எதிர்கொள்ளச் சொல்வது கொடுமை. அதற்கு வேண்டியது நீதிமன்றமும் சட்டமும். நான் சொல்ல வருவது வேறு. பேச்சு ஆபத்தானது, அதிலிருந்து ஆளைக் காப்பாற்ற அதிகாரம் தேவை என்று ஒரு தலைமுறையை நம்பவைத்துவிட்டால், அதிகாரம் அந்த வேலையைத் தன் விருப்பப்படி செய்யக் கிளம்பும்போது அந்தத் தலைமுறையின் கையில் எதிர்வாதம் இருக்காது. தனக்குப் பிடிக்காத பேச்சாளரை மேடையேறவிட்டு எதிர்த்துக் கேள்வி கேட்டுப் பழகியவருக்கே தன் பேச்சு தடுக்கப்படும்போது முழுக் குரலில் நியாயம் கேட்க முடியும்.

2017 மார்ச்சில் மிடில்பரி கல்லூரியில், இனத்தையும் அறிவுத்திறனையும் இணைத்து எழுதிய சார்ல்ஸ் மரேயைப் பேசவிடாமல் மாணவர்கள் கூச்சலிட்டார்கள். அவரை எதிர்த்துக் கேள்வி கேட்கத் தயாராக வந்திருந்த பேராசிரியர் அலிசன் ஸ்டாங்கருக்குத்தான் வெளியேறும் நெரிசலில் கழுத்திலும் தலையிலும் காயம். 2023ல் ஸ்டான்ஃபோர்ட் சட்டக் கல்லூரியில் ஒரு நீதிபதியின் உரை கூச்சலில் குலைந்தபோது, தலைவர் ஜென்னி மார்ட்டினெஸ் மாணவர்களைத் தனித்தனியே தண்டிக்கவில்லை. பத்துப் பக்கங்களில் காரணம் விளக்கி எழுதி, எல்லா மாணவர்களுக்கும் பேச்சுரிமை பற்றி அரைநாள் வகுப்பைக் கட்டாயமாக்கினார். அரைநாள் போதாது என்றாலும் திசை சரி. கூச்சலும் எதிர்ப்புதானே, நாஷ்வில் மாணவர்களும் கடையின் வியாபாரத்தைக் குலைத்தார்களே என்று வாதிடுவோர் உண்டு. நாஷ்வில் மாணவர்கள் யார் வாயையும் மூடவில்லை. 1960 ஏப்ரல் 19 அதிகாலை, அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்று பகலில் ஆயிரக்கணக்கானோர் ஒரு வார்த்தை பேசாமல் நகரமன்றத்துக்கு நடந்தார்கள். படிக்கட்டில் வந்து நின்ற மேயர் பென் வெஸ்ட்டிடம், தோலின் நிறத்தை மட்டும் வைத்து ஒருவரை வேறுபடுத்துவது சரியென்று நினைக்கிறீர்களா என்று 21 வயது மாணவி டயேன் நாஷ் கேட்டார். சரியில்லை என்று மேயர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். மூன்று வாரங்களில், மே 10 அன்று, நகரின் லஞ்ச் கவுண்டர்கள் கருப்பினத்தவருக்குத் திறந்தன. கத்தியிருந்தால் அந்தக் கேள்வி மேயர் காதில் விழுந்திருக்காது.

லாசனின் கதையில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. 1960 மார்ச்சில், இந்தப் போராட்டத்தை நடத்தியதற்காக வாண்டர்பில்ட் அவரை நீக்கியது. பல ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகம் வருந்தி அவரைப் பேராசிரியராக அழைத்தது; அறப்போராட்டங்களை ஆராய அவர் பெயரிலேயே ஒரு நிறுவனமும் அமைத்தது. 2024 மார்ச் 26 அன்று காசாவுக்காகக் குரல் கொடுத்த மாணவர்கள் வாண்டர்பில்ட் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து ஏறக்குறைய ஒரு முழுநாள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே நுழையும்போது காவலர் ஒருவரைத் தள்ளினார்கள் என்றது பல்கலைக்கழகம். மூன்று பேரை நிரந்தரமாக நீக்கியது, ஒருவரை இடைநீக்கம் செய்தது, 22 பேரைக் கண்காணிப்பில் வைத்தது. காவலரைத் தள்ளியது தவறுதான். கீழ்த்தளத்து ஒத்திகைகளில் அதற்குத்தான் முதல் தடை. லாசன் அங்கே இருந்திருந்தால் அவர்களைத் திருப்பியனுப்பி மறுபடி பயிற்சி எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் பயிற்சி தர அங்கே யாரும் இல்லை, தண்டனை தர மட்டும் ஆள் இருந்தது. படிப்பையே முடித்துவைக்கும் அளவுக்கு அந்தத் தவறு பெரிதென்று எனக்குத் தோன்றவில்லை. நீக்கம் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், ஜூன் 9 அன்று, லாசன் 95 வயதில் காலமானார்.